ஐ3-இன் விசைகளா, ஸ்வேயின் விசைகளா?

சாளரங்களை ஒன்றன்மேல் ஒன்று படாமல் திரையில் அடுக்கித் தரும் டைலிங் விண்டோ மேனேஜருக்குப் புதிதாக வருபவர்கள் நிறத்தையும் இடைவெளியையும் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். நாள் முழுவதும் விரல் போய்வருவதோ சாளரம் விட்டுச் சாளரம் தாவும் நான்கு விசைகளில். லினக்ஸில் இயங்கும் அத்தகைய மேனேஜர்களான ஐ3, ஸ்வே இரண்டையும் பயன்படுத்திவிட்டு ஸ்வேயின் இயல்பு விசைகளில் நிலைத்தவன் நான் என்பதால், இந்த அலசல் அந்தப் பக்கமே சாயும்.

கட்டளைகளைத் தட்டும் டெர்மினலுக்கு மாட்+என்டர் (மாட் என்பது மற்ற விசைகளோடு சேர்த்து அழுத்தும் துணை விசை), மூடுவதற்கு மாட்+ஷிஃப்ட்+கியூ, செயலியைத் திறக்க மாட்+டி, பணியிடங்களுக்கு எண்கள் என்பவை இரண்டிலும் ஒன்றே. அம்புக்குறிகளும் இரண்டிலும் இயங்கும். மாட் விசையாக ஆல்ட்டையோ விண்டோஸ் விசையையோ தேர்ந்தெடுக்கும்படி ஐ3 முதல்முறை கேட்கும்போது விண்டோஸ் விசையையே சொல்லுங்கள். ஆல்ட்டைக் கொடுத்தால், டெர்மினலில் கட்டளைகளை ஏற்கும் பேஷில் ஒரு சொல்லை அழிக்கும் ஆல்ட்+டி பறிபோய்விடும்.

வேறுபாடு திசை விசைகளில் இருக்கிறது. ஐ3, வலக்கை விரல்கள் இயல்பாகவே அமர்ந்திருக்கும் ஜே, கே, எல், அரைப்புள்ளி ஆகியவற்றை இடம், கீழ், மேல், வலம் என்று வைத்திருக்கிறது. ஸ்வேயோ விம் என்ற உரைத்தொகுப்பியைப் போலவே ஹெச், ஜே, கே, எல் என்று வைத்திருக்கிறது. விரலுக்கு இதமானது ஐ3-இன் வரிசைதான். ஏடிஎம்-3ஏ என்ற பழைய டெர்மினலில் அம்புகள் அச்சிடப்பட்டிருந்த இடம் என்பதைத் தவிர ஹெச்சுக்குப் பெரிய நியாயம் இல்லை. ஆனால் விம் பழகியவருக்கு ஐ3-இல் மூன்று எழுத்துகளும் பொருள் மாறிவிடுகின்றன: கீழே போக வேண்டிய ஜே இடப்பக்கம் போகிறது, மேலே போக வேண்டிய கே கீழே இறங்குகிறது, வலப்பக்கம் போக வேண்டிய எல் மேலே ஏறுகிறது. வலப்பக்க டெர்மினல் என்று நினைத்து மேலே இருந்த சாளரத்தில் கட்டளையைத் தட்டிய நாட்கள் எனக்கு உண்டு.

மாற்றிக்கொள்ளலாமே என்றால், என்னை முடிவெடுக்க வைத்தது அந்தப் பராமரிப்புச் சுமைதான். ஐ3-இல் குவியத்துக்கு (எந்தச் சாளரத்தில் தட்டுவது என்பதற்கு) நான்கு, நகர்த்தலுக்கு நான்கு, அளவு மாற்றத்துக்கு நான்கு, அவற்றோடு கிடைமட்டப் பிரிப்புக்கென ஹெச் ஏற்கெனவே எடுத்துக்கொண்ட ஒன்று என அமைப்புக் கோப்பில் 13 வரிகளைத் திருத்தினேன். ஒவ்வொரு புதுக் கணினியிலும் அதே வேலை. அந்தக் கோப்பை எடுத்துச் செல்லாத இடத்தில் பழைய குழப்பம் திரும்பிவிடும். ஸ்வேயில் பிரிப்பு பி விசைக்கு நகர்த்தப்பட்டிருக்கிறது. திசைகள் கோப்பின் தலைப்பகுதியிலேயே நான்கு மாறிகளாக இருப்பதால், ஐ3-இன் வரிசையை விரும்புபவர்கூட அங்கே மாற்றினால் போதும்.

விம் பழகாதவருக்கு இந்த வாதம் எடுபடாது. அவர் ஐ3-இன் வரிசையையே வைத்துக்கொள்ளலாம். இன்னொரு டைலிங் மேனேஜரான டிடபிள்யூஎம்மை இரண்டு வாரம் மட்டுமே ஓட்டியதால் அதைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லவில்லை.

ஸ்வேயிலும் எனக்கு ஒரு தொல்லை இருந்தது. தமிழ்99 விசைப்பலகை அமைப்புக்கு மாறியிருக்கும்போது மாட்+ஜே வேலை செய்யாது, ஏனெனில் அந்த விசையில் அப்போது ஜே என்ற எழுத்தே இல்லை. ‘டு-கோட்’ என்ற விருப்பத்தை விசை வரிகளில் சேர்த்தால் எழுத்துக்குப் பதிலாக விசையின் இடத்தையே அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அதற்காக எல்லா வரிகளையும் தொட வேண்டியிருந்தாலும், தேடி மாற்றும் ஒரே கட்டளையில் வேலை முடிந்தது.