‘ஹார்ட் பேக்கேஜ்’: முப்பது வயதில் கொடுத்த காசுக்குத் தேறுமா?

லேப்களும் ஆஸ்பத்திரிகளும் இளவயதுக்காரர்களிடம் விற்கும் ‘ஹார்ட் செக்கப்’ விளம்பரத்தில் ‘80 டெஸ்ட்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். லிப்பிட் ப்ரொஃபைல் (ரத்தக் கொழுப்பு டெஸ்ட்) ஒன்றையே எட்டு, ஒன்பது என்று எண்ணுவார்கள். அதில் பாதி, மற்ற எண்களைக் கழித்தும் வகுத்தும் வருபவை. ரத்த அணுக்களை எண்ணும் சிபிசி மட்டும் இருபதை எட்டிவிடும்.

உருப்படியானவை லிப்பிட், ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாத சுகர் சராசரி), கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு). லிப்பிடுக்கு 10 முதல் 12 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் குடிக்கலாம். சனி இரவு பீரும் பிரியாணியும் முடித்துவிட்டு ஞாயிறு காலையில் ரத்தம் கொடுத்தால் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு எகிறிவிடும். அது 400-ஐத் தாண்டினால் வழக்கமான கணக்கில் வரும் எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) செல்லாது. மொத்தக் கொழுப்பிலிருந்து ஹெச்டிஎல்லையும் (நல்ல கொழுப்பு), ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பதுதான் அந்தக் கணக்கு. அப்போது ‘டைரக்ட் எல்டிஎல்’ கேளுங்கள்.

மொத்தக் கொழுப்பு 180, எல்லாம் சரி என்று ரிப்போர்ட்டை மடித்து வைப்பவர்கள் அதிகம். நம்மவர்களிடம் சிக்கல் வேறு இடத்தில்: ட்ரைகிளிசரைடு 150-க்கு மேல், ஹெச்டிஎல் 40-க்குக் கீழ். மூன்று வேளையும் அரிசி, நாலு டீயிலும் சர்க்கரை, நாள் முழுக்க நாற்காலி என்றால் இந்த ஜோடி வரும். எண்ணெயை மட்டும் குறைத்தால் அசையாது. சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் கீரை, சுண்டல், முட்டை வர வேண்டும். வாரம் 150 நிமிடமாவது வேக நடை வேண்டும். எல்டிஎல் 190-ஐத் தாண்டினால் சாப்பாட்டை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பரம்பரைக் கோளாறாக இருக்கலாம். கூடப் பிறந்தவர்களும் பார்க்க வேண்டும்.

பேக்கேஜின் விலையை ஏற்றுவது டிஎம்டி, அதாவது டிரெட்மில்லில் நடக்கவைத்து இசிஜி பார்க்கும் டெஸ்ட். 3 நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். 220-இல் வயதைக் கழித்து, அதில் 85 சதவீதத்தை நாடித்துடிப்பு தொட வேண்டும். 32 வயதுக்கு சுமார் 160. அதற்கு முன்பே மூச்சு வாங்கி இறங்கிவிட்டால் ‘நார்மல்’ என்ற முடிவுக்கு மதிப்பில்லை. தொட்டாலும், ரத்த ஓட்டத்தைத் தடுக்கும் அளவுக்குப் பெரிய அடைப்பைத்தான் இது காட்டும். இளவயது அட்டாக் பலவற்றில் நடப்பது வேறு: பாதிகூட அடைக்காத கொழுப்புத் திட்டு திடீரென வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைகிறது. தொந்தரவு எதுவும் இல்லாதவருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இல்லாத கோளாறைக் காட்டி ஆஞ்சியோ வரை இழுத்துச் செல்லவும் கூடும். குடும்ப வரலாறோ நெஞ்சுவலியோ இல்லையென்றால் இதை விட்டுவிடலாம்.

விட்டுப்போனவைதான் எரிச்சலூட்டுகின்றன. லிப்போபுரோட்டீன்(ஏ) என்ற ரத்தக் கொழுப்புத் துகளின் அளவு பெரும்பாலும் பிறவியிலேயே தீர்மானமாவது. ஆயுளில் ஒருமுறை பார்த்தால் போதும், டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் ஆபத்து. பெரும்பாலான பேக்கேஜ்களில் இது கிடையாது. இடுப்புச் சுற்றளவு பார்க்க, காசே செலவில்லாத இஞ்ச் டேப்பும் கிடையாது. கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80-ஐத் தாண்டினால், எடை சரியாக இருந்தாலும் கவனிக்க வேண்டியதுதான்.

பிபி பார்க்கும் லட்சணம் இன்னும் மோசம். படியேறி வந்தவரை அப்படியே உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே பட்டையைச் சுற்றுகிறார்கள். 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில், கை இதய மட்டத்தில் இருக்க வேண்டும். தடித்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் எண் கூடுதலாகக் காட்டும். சந்தேகமாக இருந்தால் வீட்டில் ஒரு வாரம் காலை, மாலை இரண்டு தடவை எடுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு வரும் சராசரி 135/85-ஐத் தொட்டால் டாக்டரிடம் போக வேண்டும்.

படிவத்தில் ‘புகைப்பவரா’ என்று ஒரே கட்டம். ‘எப்போதாவது’ என்பவர்கள் இல்லை என்று டிக் அடிக்கிறார்கள். நாளுக்கு ஒன்றே ஒன்று என்றாலும், இருபது பிடிப்பவரின் கூடுதல் இதய ஆபத்தில் கிட்டத்தட்ட பாதி வந்துவிடுகிறது. வாயில் அடக்கும் புகையிலையைப் பற்றிப் பெரும்பாலும் கேட்பதே இல்லை.

பிபியும் சுகரும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். லிப்பிடையும் லிப்போபுரோட்டீன்(ஏ)-யையும் தனியாக எடுத்துக்கொண்டால் பேக்கேஜ் தேவைப்படாது. நெஞ்சில் அழுத்தம், வியர்வை, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி என்றால் எந்த லேபுக்கும் புக் செய்யாதீர்கள், 108.