நத்தையும் பாசிப் பந்தும்: சென்னை வீட்டில் நான்கு வருடம்

என் மகளுக்கு எட்டு வயதில் நாய்க்குட்டி ஆசை வந்தது. எங்களுடையது மூன்றாவது மாடியில் ஒரு வாடகை வீடு. வீட்டுக்காரர் நாய்க்கு ஒத்துக்கொள்ள மாட்டார். நானும் கணவரும் காலை எட்டரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப ஏழு மணி ஆகிவிடும். பகலெல்லாம் பூட்டிய வீட்டில் ஒரு நாயைத் தனியாக விடுவதில் எனக்கும் மனமில்லை. 2021 நவம்பரில், அந்தப் பெருமழை கொஞ்சம் ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்குப் போய் மிஸ்டரி நத்தை என்ற நன்னீர் நத்தைகள் இரண்டும், பச்சைப் பந்துபோலத் தண்ணீரில் வளரும் பாசிப் பந்து ஒன்றும் வாங்கி வந்தோம். மஞ்சள் நத்தைக்கு லட்டு என்றும் கருநீல நத்தைக்கு நாவல் என்றும் மகள் பெயர் வைத்தாள்.

நான்கு வருடம் தாண்டிவிட்டது. கவனிப்பே தேவைப்படாத செல்லங்கள் என்று இவற்றைப் பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்கள். வேலை குறைவு என்பது உண்மைதான். ஆனால் என்னால் இறந்துபோன நத்தைகள் எல்லாமே நான் எதையாவது கூடுதலாகச் செய்யப் போய் இறந்தவை. அதனால் செய்ததைவிடச் செய்யாமல் விட வேண்டியதைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்வேன்.

முதலில் தண்ணீர். இருபது லிட்டர் கண்ணாடித் தொட்டி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், மேலே மூடி, இவ்வளவுதான் ஏற்பாடு. ஆரம்பத்தில் எங்கள் போர் தண்ணீரைத்தான் ஊற்றினேன். குழாயில் வெள்ளையாக உப்புப் படியும் தண்ணீர் அது. கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் தொள்ளாயிரத்தைத் தொடும். நாம் குடிக்காத தண்ணீரை அதற்கு ஊற்றுகிறோமே என்று மனசு கேட்காமல், மூன்று மாதம் கழித்து ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறினேன். இரண்டு மாதத்தில் நாவலின் ஓட்டில், சுருளின் உச்சியில் சாம்பல் வெள்ளையாக ஒரு திட்டு தெரிந்தது. சுண்ணாம்புச் சுவர் உதிர்வதுபோல மேல்பூச்சு போய்க் குழி விழ ஆரம்பித்தது. நத்தை ஓடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது. ஆர்.ஓ. தண்ணீரில் தாதுக்கள் அநேகமாக இருக்காது, லேசான அமிலத்தன்மையும் இருக்கும். அது ஓட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். நான் கெட்ட தண்ணீர் என்று ஒதுக்கிய போர் தண்ணீர்தான் அவற்றுக்கு நல்ல தண்ணீர்.

உடனே பழைய தண்ணீருக்குத் திரும்பினோம். கூடவே நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை வாங்கி ஒரு துண்டைத் தொட்டியில் போட்டேன். கணவாய் மீனின் உள்ளோடுதான் கடல்நுரை. பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான், விலையும் சொற்பம். இரண்டு நாள் மிதந்துவிட்டு அடியில் போய் உட்காரும். நத்தைகள் அதன் மேல் ஏறிச் சுரண்டித் தின்னும். அரித்துப்போன இடம் திரும்ப வளராது. ஆனால் ஓட்டின் வாய்ப் பக்கம் புதிதாக வளர்வது தெளிவாகத் தெரியும். நாவலின் ஓட்டில் ஆர்.ஓ. காலம் முடிந்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்று விழுந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் மங்கல், இந்தப் பக்கம் வழவழவென்று கருநீலம். மெட்ரோ தண்ணீர் ஊற்றுகிறவர்கள் குளோரின் போக ஒரு நாள் வாளியில் திறந்து வைத்து ஊற்றினால் போதும்.

இரண்டாவது தவறு பெரியது. 2023இல் தொட்டியில் நான்கு கப்பி மீன்களும் விட்டிருந்தேன். அவற்றின் மேல் வெள்ளைப் புள்ளி வந்ததும் கடைக்காரர் தந்த மருந்தை, அளவு சரியாகப் பார்த்துத்தான் ஊற்றினேன். மறுநாள் காலை இரண்டு நத்தைகள், ஓட்டின் வாயை அடைக்கும் மூடி தளர்ந்து கிடந்தன. பாட்டிலைத் திருப்பிப் படித்தால் காப்பர் சல்பேட். மீன் தாங்கும் அளவு செம்பைக்கூட நத்தை தாங்காது. அன்றைக்கு மகள் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அழுதாள். மருந்து வாங்கும்போதே படித்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. மீன் மருந்து எதுவானாலும், செம்பு இருக்கிறதா என்று பார்க்காமல் நத்தை உள்ள தண்ணீரில் ஊற்றாதீர்கள்.

அடுத்த மாதம் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். ஒரு நாள் காலையில் செப்புக் குடத்தைத் தூக்கிக்கொண்டு தொட்டிப் பக்கம் போனார். "என்னம்மா பண்ற?" என்று ஓடினேன். "ராத்திரி புடிச்சு வச்ச தண்ணிடி. உடம்புக்கு நல்லது. அதுங்களும் வாயில்லா ஜீவன்தானே" என்றார். நல்ல மனசுதான். ஆனால் இரவெல்லாம் செம்பில் நின்ற தண்ணீரில் செம்பு கொஞ்சமாவது இறங்கியிருக்கும். நடந்ததைச் சொன்னதும் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, அப்புறம் அதற்கு என்னதான் கொடுக்கலாம் என்று கேட்டார். முருங்கைக்கீரையை வெந்நீரில் போட்டெடுத்துக் கொடுக்கலாம் என்றேன். அம்மா ஊருக்குப் போகும்வரை நத்தைகளுக்குத் தினமும் முருங்கைக்கீரைதான்.

தீனி என்று பெரிதாக ஒன்றுமில்லை. வெள்ளரிக்காய், பீர்க்கங்காய், சுரைக்காய், பாலக்கீரை எல்லாம் சாப்பிடும். காயை வட்டமாக நறுக்கி இரண்டு நிமிடம் வேகவைத்துப் போட்டால் அடியில் போய் உட்காரும். பூச்சிமருந்து ஒட்டியிருக்கலாம் என்பதால் கீரையை நன்றாக அலசித்தான் போடுவேன். வாரத்துக்கு மூன்று தடவை போதும். மீதியை மறுநாள் எடுத்துவிட வேண்டும். மகள் தினமும் இரண்டு வேளை போட்ட காலத்தில் தொட்டியெங்கும் குட்டிக்குட்டியாக வேறு நத்தைகள் பெருகின. தட்டையாகச் சுருண்டிருக்கும் ராம்ஸ்ஹார்ன் வகை, செடியோடு ஒட்டி வந்தவை. மருந்தெல்லாம் வேண்டாம். இரவில் ஒரு வெள்ளரித் துண்டைப் போட்டு, காலையில் அதன் மேல் மொய்த்திருப்பதோடு வெளியே எடுத்தால் நாலைந்து நாளில் பெரும்பகுதி குறைந்துவிடும். தீனியைக் குறைத்தால் அவை மறுபடி பெருகுவதில்லை.

நத்தை சாப்பிடுவதை ஒரு தடவை கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பாருங்கள். பச்சை படிந்த கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வாயைத் திறக்கும். பொத்தான் துளை மாதிரி ஒரு பிளவு, உள்ளே வெளிர் சிவப்பு. அதிலிருந்து நாடா போன்ற நாக்கு வெளியே வந்து ஒரு தடவை வழித்துவிட்டு உள்ளே போகும். அந்த நாக்கில் நுண்ணிய பற்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. தோசைக்கல்லைக் கரண்டியால் சுரண்டிய தடம்போல, பச்சைப் படலத்தில் சின்னச் சின்னக் கோடுகள் விழுந்துகொண்டே போகும். மிஸ்டரி நத்தைக்குச் செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு. தண்ணீரில் காற்று போதாவிட்டால் மேலே வந்து தும்பிக்கை மாதிரி ஒரு குழலை நீட்டி மூச்சிழுக்கும். அப்போது உடம்பு முழுவதும் பம்ப் அடிப்பதுபோல ஆடும். கோடையில் இதை அடிக்கடி பார்ப்பேன். அது தண்ணீர் சூடேறியதற்கான அறிகுறியும்கூட.

மூடி அவசியம். மூடியைச் சரியாக வைக்காத ஒரு இரவு நாவல் ஏறி வெளியே வந்துவிட்டது. காலையில் வீடெல்லாம் தேடி, கடைசியில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் கண்டுபிடித்தோம். ஓட்டின் வாயை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தது. தண்ணீரில் விட்டு இருபது நிமிடம் கழித்து ஒரு கொம்பு வெளியே வந்தபோது மகள் சமையலறையிலேயே குதித்தாள்.

முட்டை விஷயம் தெரிந்துகொண்டே வாங்குங்கள். ஒரு காலை மூடியின் உட்பக்கம் வெளிர் ரோஜா நிறத்தில், பொடி மாதுளை முத்துகளைச் சேர்த்து ஒட்டியதுபோல ஒரு கொத்து இருந்தது. மிஸ்டரி நத்தை தண்ணீருக்கு மேலேதான் முட்டையிடும். ஈரமும் சூடும் இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் பொரிந்துவிடும். முதல் கொத்தை விட்டுவிட்டோம். நூற்றுக்கு மேல் குஞ்சுகள், கடுகு அளவில். அலுவலகத்தில் எல்லோருக்கும் கொடுத்தும் தீரவில்லை. அதற்குப் பிறகு வந்த கொத்துகளை அன்றன்றே எடுத்து ஒரு நாள் ஃப்ரீசரில் வைத்து அப்புறப்படுத்தினேன். குஞ்சுகளையோ பெரியவற்றையோ ஏரியில், குளத்தில் விடவே கூடாது. இதே இனக்குடும்பத்தைச் சேர்ந்த தங்க ஆப்பிள் நத்தையைத் தென் அமெரிக்காவிலிருந்து 1980 வாக்கில் உணவுக்கென்று தைவானுக்கும் பிலிப்பைன்சுக்கும் கொண்டு போனார்கள். அது வயலுக்குள் தப்பி இளம் நாற்றுகளைத் தின்று, தென்கிழக்கு ஆசிய நெல் விவசாயிகளை இன்றுவரை வாட்டுகிறது.

மழைக்குச் சுவரேறும் பெரிய நத்தையைப் பிடித்து வளர்க்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அது ஆப்பிரிக்க ராட்சத நத்தை. 1847இல் மொரீஷியசிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டு நாடெங்கும் பரவியது. மூளையைத் தாக்கும் எலி நுரையீரல் புழு அதன் உடம்பில் இருக்கலாம். குழந்தைகளைத் தொடவே விடாதீர்கள்.

லட்டு பதினான்கு மாதம் இருந்தது. மிஸ்டரி நத்தையின் ஆயுளே ஒன்றிரண்டு வருடம்தான், சூடான தண்ணீரில் இன்னும் குறையும். இதைக் குழந்தையிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. அசையாமல் கிடந்தால் உடனே முடிவுகட்டிவிடாதீர்கள், சில சமயம் இரண்டு நாள்கூடச் சும்மா இருக்கும். எடுத்து முகர்ந்து பாருங்கள். இறந்திருந்தால் அந்த நாற்றம் சந்தேகத்துக்கே இடம் வைக்காது. அதைத் தொட்டியில் விட்டுவைத்தால் அம்மோனியா ஏறி மற்றவையும் போய்விடும்.

இப்போது என்னிடம் இருப்பவை நெரைட் நத்தைகள், மூன்று. எனக்கு இவைதான் அதிகம் பிடித்திருக்கின்றன. கண்ணாடியை இவ்வளவு சுத்தமாக வேறெந்த நத்தையும் வைக்காது. கண்ணாடியில் எள் மாதிரி வெள்ளை முட்டைகளை ஒட்டிவைக்கும், சுரண்டினாலும் லேசில் வராது. ஆனால் அவற்றின் குஞ்சுகளுக்கு உப்புக் கலந்த நீர் வேண்டும் என்பதால் நன்னீர்த் தொட்டியில் பெருகாது. மல்லாக்க விழுந்தால் தானாகத் திரும்பக் கஷ்டப்படும். தினமும் ஒரு பார்வை பார்த்துக் கையால் நிமிர்த்திவிடுகிறேன்.

சரி, பாசிப் பந்து. கொளத்தூரில் நாங்கள் முதலில் வாங்கியது அசல் இல்லை. மூன்று வாரத்தில் நூல் பிரிந்து, உள்ளே இருந்த பஞ்சு உருண்டை வெளியே தெரிந்தது. ஜாவா பாசி என்ற தொட்டிச் செடியை அதன் மேல் சுற்றிக் கட்டியிருந்தார்கள். வித்தியாசம் கண்டுபிடிப்பது எளிது. ஜாவா பாசியில் பொடிப்பொடியாக இலைகள் தெரியும். அசலில் இலையே இருக்காது, வெல்வெட் துணிபோல நுண்ணிய இழைகள் மட்டும். அது உண்மையில் ஜாவா பாசி மாதிரி இலையுள்ள செடியே (மாஸ்) அல்ல, ஏகக்ரோபிலா லின்னேயி என்ற பச்சை நீர்ப்பாசி (ஆல்கா). ஜப்பானில் 1898இல் மாரிமோ என்று பெயரிட்டார்கள். மாரி என்றால் பந்து, மோ என்றால் நீர்ப்பாசி. ஹொக்கைடோவின் ஆகான் ஏரியில் அலைகள் உருட்டி உருட்டி முப்பது சென்டிமீட்டர்வரை வளர்கிறது. 1952இலிருந்து அது சிறப்பு இயற்கைச் சின்னம். ஐஸ்லாந்தின் மீவாத்ன் ஏரியிலும் இவை திரளாக இருந்தன. தண்ணீர் கெட்டு, 2014 வாக்கில் ஏறக்குறைய மறைந்தே போயின.

2022 ஜனவரியில் ஆன்லைனில் ஒரு அசல் பந்து வாங்கினேன், நெல்லிக்காய் அளவு. முந்தின வருடம் மார்ச்சில் அமெரிக்கக் கடைகளில் விற்ற மாரிமோக்களுக்குள், நீர்நிலைகளை ஆக்கிரமிக்கும் ஸீப்ரா சிப்பிகள் ஒளிந்திருந்தது தெரிந்து பெரிய பரபரப்பானது. அதைப் படித்திருந்ததால் பந்தை நன்றாக அலசிப் பிழிந்து, ஒரு மாதம் தனி பாட்டிலில் வைத்திருந்த பிறகே தொட்டியில் போட்டேன்.

குளிர்ந்த ஏரியில், மங்கலான வெளிச்சத்தில் வாழ்கிற உயிர் அது. இருபத்தைந்து டிகிரிக்குள் தண்ணீர் இருந்தால் சுகமாக இருக்கும். 2023 மே மாதம் எங்கள் தொட்டித் தண்ணீர் முப்பத்து மூன்றைத் தொட்டது. ஒரு பக்கம் பழுப்பானது. வெயில் போதவில்லையோ என்று ஜன்னலோரம் நகர்த்தினேன், அது இன்னும் கெடுதல். பிறகுதான் ஒரு கண்ணாடி டப்பாவில் தண்ணீரோடு போட்டு ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் இரண்டு வாரம் வைத்தேன். பழுப்பு அதோடு நின்றது. பச்சை திரும்ப மூன்று மாதம் பிடித்தது.

இப்போது சித்திரை பிறந்தால் வேறு ஏற்பாடு. வாயகன்ற மண்பானையில் மணல் நிரப்பி, நடுவே பந்து இருக்கும் பாட்டிலைப் புதைத்து, காலையும் மாலையும் மணலை நனைக்கிறேன். தொட்டியைவிட மூன்று டிகிரியாவது குறைகிறது. கடல்காற்று பிசுபிசுக்கும் நாட்களில் அவ்வளவு குறையாது, அன்றைக்கு மட்டும் ஃப்ரிட்ஜ். கோயம்புத்தூர், ஓசூர் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கஷ்டம் குறைவாக இருக்கும்.

மற்றபடி பதினைந்து நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் மாற்றும்போது, பந்தை மெதுவாக அமுக்கி அழுக்குத் தண்ணீரை வெளியேற்றி, ரவா லட்டு பிடிப்பதுபோல உள்ளங்கையில் உருட்டிப் போடுவேன். உருட்டாவிட்டால் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். சில காலைகளில் விளக்குப் போட்ட கொஞ்ச நேரத்தில் இழைகளெங்கும் முத்து முத்தாகக் குமிழி கட்டிப் பந்து மேலே மிதக்கும். ஒளிச்சேர்க்கையில் வரும் ஆக்சிஜன்தான் அதைத் தூக்குகிறது என்று 2018இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் சோதித்துக் காட்டினார்கள். வருடத்துக்கு ஐந்து மில்லிமீட்டர் வளரும் என்பார்கள். நாங்கள் பொங்கலுக்குப் பொங்கல் நூல் சுற்றி அளக்கிறோம். எங்கள் வெக்கையில் இத்தனை வருடத்தில் குறுக்களவு ஆறு மில்லிமீட்டர்தான் கூடியிருக்கிறது. அந்த நூல்களை மகள் தேதி எழுதி நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள். நூல் பிரிந்த ஜாவா பாசியையும் தூக்கிப் போடவில்லை. ஒரு கல்லில் கட்டிவிட்டேன், எங்கள் வெயிலில் அதுதான் கவலையில்லாமல் தழைத்திருக்கிறது. நெரைட்டுகள் பகலில் அதன் கீழேதான் ஒதுங்குகின்றன.

பண்டிகைக்கு ஊருக்குப் போனால் ஒரு வாரம், பத்து நாள்கூட எதுவும் போடாமல் விட்டுப் போகிறோம். திரும்பி வந்தால் எல்லாம் அப்படியே இருக்கின்றன. மாதச் செலவு என்று கணக்குப் பார்த்தால் காய்கறி நறுக்கும்போது ஒதுக்கும் ஒரு துண்டுதான்.

வாங்குவதென்றால் மார்கழி, தை மாதங்களில் வாங்குங்கள். சித்திரை வைகாசி வெயிலில், பிளாஸ்டிக் பையில் கட்டி வண்டியில் மாட்டிக்கொண்டு வரும் வழியிலேயே பாதி உயிர் போய்விடும். கடையில் நத்தையைக் கையில் எடுத்துப் பாருங்கள். தொட்டதும் மூடியை இழுத்துக்கொள்கிறதா, சுருளின் உச்சி வெளுக்காமல் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.