மாநகர முதல்வரே (மேயரே) சபைக்கும் தலைமை தாங்கலாமா? நம்முடைய மாநகர சபையும் பிலிப்பைன்ஸ் முறையும்

போன கிழமை தேநீர்க் கடையில் பக்கத்து வீட்டு மாமா கேட்டார்: "மனே, முதல்வர் இருக்கிறார், ஆணையாளர் இருக்கிறார், இந்தப் பிரதி முதல்வருக்கு என்னதான் வேலை?" நியாயமான கேள்வி. இலங்கையில் மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று எந்த மாநகர சபையானாலும் பதில் ஒன்றுதான். முதல்வர் இல்லாதபோது அவர் இடத்தில் இருப்பார், முதல்வர் எழுத்தில் ஒப்படைத்தால் அந்த வேலையைப் பார்ப்பார்.

பிலிப்பைன்ஸில் 1991 உள்ளூராட்சிச் சட்டக்கோவைப்படி முதல்வருக்கு ஒரு வாக்கு, துணை முதல்வருக்குத் தனியாக இன்னொரு வாக்கு, இரண்டையும் மக்களே போடுகிறார்கள். சபைக்குத் தலைமை தாங்குவது துணை முதல்வர்; சமநிலை வந்தால் மட்டும் அவர் வாக்களிப்பார். சபை நிறைவேற்றியது முதல்வரிடம் போகும், பிடிக்கவில்லையென்றால் 10 நாளுக்குள் காரணம் எழுதித் திருப்பி அனுப்பலாம், ஆனால் சபையில் மூன்றில் இரண்டு பங்கு பேர் மறுபடி நின்றால் அவர் மறுப்பு செல்லாது.

நமக்கோ 1947 மாநகர சபைகள் கட்டளைச் சட்டம். நிறைவேற்றும் தலைவரும் முதல்வர், கூட்டத்துக்குத் தலைமையும் முதல்வர், வாக்கு சமமானால் தீர்மானிக்கும் வாக்கும் அவருக்கே. குப்பை ஏற்ற உழவு இயந்திரம் வாங்கிய கணக்கை ஒரு உறுப்பினர் எழும்பிக் கேட்கிறார் என்று வையுங்கள், அவருக்குப் பேச நேரம் கொடுப்பவரும் அந்தக் கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் ஒரே ஆள். முதல்வர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்த அமைப்பு எனக்குச் சரியாகப் படவில்லை.

பாதீட்டு (வரவு செலவுத் திட்ட) விஷயம் இதைவிடப் பெரியது. இங்கே பாதீடு இரண்டு தடவை தோற்றால் முதல்வர் பதவியே போகலாம். 2020 டிசம்பரில் யாழ்ப்பாண மாநகர முதல்வராக இருந்த ஆர்னோல்ட் அப்படித்தான் பதவி இழந்தார், அந்த மாதமே மணிவண்ணன் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் முதல்வரானார். அதனால் வடிகானுக்கு எவ்வளவு, தெருவிளக்குக்கு எவ்வளவு என்ற பேச்சு அடிபட்டுப்போய், யார் யாரோடு சேர்ந்து கை உயர்த்துவார்கள் என்பதே பேச்சாகிவிடுகிறது. பிலிப்பைன்ஸில் பாதீடு நேரத்துக்கு நிறைவேறாவிட்டால் சபை மேலதிகக் கொடுப்பனவு இல்லாமல் தொடர்ந்து கூட வேண்டும், 90 நாள் தாண்டினால் சம்பளம், அத்தியாவசியச் செலவு போன்றவற்றுக்குப் பழைய வருடப் பாதீடே தொடரும். முதல்வர் அப்படியே இருப்பார். சபைக்கும் பொறுப்பு வருகிறது, ஊரும் தலையில்லாமல் நிற்பதில்லை. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

அங்கேயும் சிக்கல் உண்டு. முதல்வரும் துணை முதல்வரும் எதிரெதிர்க் கட்சியில் வென்று வந்தால் மூன்று வருடமும் இழுபறியிலேயே போய்விடலாம்.

அப்புறம் நேரடித் தெரிவு, அதாவது முதல்வரை மக்களே வாக்களித்துத் தெரிவுசெய்வது. அது இங்கே வேண்டாம் என்பேன். இப்போது எந்தக் கட்சிக்கும் பாதி ஆசனம் இல்லையென்றால் முதல் கூட்டத்தில் உறுப்பினர்களே வாக்களித்து முதல்வரைத் தெரிவுசெய்கிறார்கள், அதற்காகவாவது ஒருவரோடு ஒருவர் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. தமிழ் வட்டாரமும் முஸ்லிம் வட்டாரமும் அடுத்தடுத்து இருக்கும் கல்முனையில் ஒரே கதிரைக்கு ஊர் முழுக்க வாக்குப் போட்டால், எண்ணிக்கை கூடிய பக்கம் மற்றப் பக்கத்தைத் தேடிப் போக வேண்டிய தேவையே இருக்காது. ஆகவே தெரிவு இப்படியே இருக்கட்டும், கூட்டத் தலைமையை மட்டும் பிரதி முதல்வரிடம் கொடுங்கள்.