கார் இல்லாத வீட்டில் ஆயிரம் ரூபாய் பாஸ்

சென்னை மாநகரப் பேருந்தின் ஆயிரம் ரூபாய் மாதப் பாஸை மூன்று வருடமாக விடாமல் வாங்கி வருகிறேன். காரை விற்ற மாதமே முதல் பாஸை வாங்கிவிட்டேன். பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "கட்டுப்படி ஆகுதா?" அதற்குப் பதில் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் எனக்கு அந்தப் பாஸ் பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. அதற்கும் வருகிறேன்.

முதலில் கணக்கு. ஆயிரத்தை முப்பதால் வகுத்தால் நாளுக்கு 33 ரூபாய் சொச்சம். ஏசி பஸ் தவிர மற்றதில், அது சாதாரணக் கட்டண வெள்ளை போர்டோ டீலக்ஸோ, எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம், இறங்கலாம். ஏசியும் வேண்டுமென்பவர்களுக்கு 2025 மார்ச்சிலிருந்து 2,000 ரூபாய் பாஸ் வந்திருக்கிறது. எனக்கு ஜன்னலோரக் காற்றே போதும் என்பதால் பழையதிலேயே இருக்கிறேன்.

என் வீடு மண்டைவெளி, வேலை ஜெமினி மேம்பாலம் பக்கம். 29சி ஒரே பஸ், நேராகப் போய்விடும். இந்த மாதிரி கிட்டத்துத் தூரத்துக்கு, காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று இரண்டே டிக்கெட் எடுப்பவருக்கு இந்தப் பாஸ் கட்டுப்படி ஆகாது. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்களுக்கும் ஆகாது. அவர்களுக்கு சிங்காரச் சென்னை அட்டை நல்லது. 2023-ல் மெட்ரோவில் வந்த அட்டை அது, 2025 ஜனவரியிலிருந்து மாநகரப் பேருந்திலும் செல்லும். சில்லறைத் தொல்லை இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் அதில் காசு கழியும். பாஸுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான், அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பது எனக்குப் பாஸ் இல்லாமல் போன ஒன்பது நாளில்தான் தெரிந்தது.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சட்டைப்பையில் பாஸை வைத்தபடியே சட்டையை வாஷிங் மெஷினில் போட்டுவிட்டேன். போட்டோ ஒட்டிய அடையாள அட்டை தப்பித்தது. மாதச் சீட்டு மட்டும் கூழாகிப் பையின் தையலில் வெள்ளையாக ஒட்டிக் கிடந்தது. நகத்தால் சுரண்டி எடுத்தேன், ஒரு எழுத்துகூட மிஞ்சவில்லை. பாஸ் முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. சரி, ஒன்பது நாள்தானே, டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் மாலை 29சியில் வந்துகொண்டிருந்தேன். மயிலாப்பூர் லஸ் வந்தது. வழக்கமாக வாரத்தில் இரண்டு நாள் அங்கே இறங்கி, தெற்கு மாட வீதியில் காய் வாங்கிக்கொண்டு, அடுத்து வரும் பஸ்ஸில் ஏறி வீடு போவேன். அன்றைக்கு இறங்கக் கால் எடுத்து வைத்தவன் அப்படியே நின்றேன். இங்கே இறங்கினால் மண்டைவெளிக்கு இன்னொரு டிக்கெட். இத்தனை கிட்டத்துக்கு ஒரு டிக்கெட்டா? நான் யோசித்து முடிப்பதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார், பஸ் நகர்ந்துவிட்டது. டிக்கெட் காசு பெரிய தொகையே இல்லை. ஆனாலும் அது என்னைப் பஸ்ஸுக்குள்ளேயே நிறுத்தி வைத்துவிட்டது. அந்த ஒன்பது நாளும் காய் வீட்டு வாசலில் வண்டிக்காரரிடம்தான் வாங்கினோம். நேர் பஸ்ஸுக்காக ஜெமினியில் காத்துக் கிடந்தேன். பாஸ் இருந்தால் ராயப்பேட்டை போகிற எதிலாவது ஏறி, அங்கே மாறிக்கொண்டிருப்பேன்.

யோசித்துப் பார்த்தால், கார் இருந்த காலத்திலும் நான் லஸ்ஸில் நிறுத்தியதே இல்லை. எங்கே நிறுத்துவது என்ற கவலையிலேயே தாண்டிப் போய்விடுவேன். நடுவழியில் மனசை மாற்றிக்கொள்கிற வசதியைக் கார் எனக்குத் தரவில்லை. டிக்கெட்டும் தரவில்லை. பாஸ்தான் தந்தது. அரசுத் தமிழில் இதை 'விருப்பம்போல் பயணம்' என்கிறார்கள். அந்தப் பெயரை வைத்தவருக்கு இந்த அருமை தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் மூன்று பேர் மூன்று விதமாகப் பஸ் ஏறுகிறோம். மனைவிக்குப் பாஸே வேண்டாம். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அதனால் அவள் பிங்க் பஸ் வரும்வரை நிற்பாள். இருவரும் சேர்ந்து போகும்போது டீலக்ஸ் வந்தாலும் நான் விட்டுவிடுவேன், அவளோடு நிற்பேன். ஸ்டாப்பிங்கில் நின்று பேசுகிற அந்தக் கால்மணி நேரம் வீட்டில் எங்களுக்குக் கிடைப்பதில்லை.

அப்பாவுக்கு 74 வயது. சென்னையில் அறுபது தாண்டியவர்களுக்கு மாதம் பத்து டோக்கன் கொடுக்கிறார்கள், ஆறு மாதத்துக்கு உண்டானதைச் சேர்த்து. 2016-ல் ஆரம்பித்த ஏற்பாடு. அப்பா அந்த டோக்கன்களை ரேஷன் கார்டோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு பீரோவில் வைத்திருக்கிறார். வெளியே கிளம்பும்போது இரண்டை மட்டும் கிழித்து எடுப்பார். போக ஒன்று, வர ஒன்று. மேல் பையில் ஒன்று, வேட்டி மடிப்பில் ஒன்று. மாதம் பத்து என்றால் ஐந்து தடவை வெளியே போகலாம். அதில் இரண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடும், மீதி மூன்றை எதற்குச் செலவழிப்பது என்று தேதி பார்த்து வைப்பார். என் பாஸை அவர் கையில் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுவேன். போட்டோ என்னுடையது, முடியாது.

ஒரு நல்ல செய்தி, 2024 ஆகஸ்டிலிருந்து தாழ்தளப் பேருந்துகள் ஓடுகின்றன. ஸ்டாப்பிங்கில் கதவுப் பக்கம் லேசாகச் சாய்ந்து தாழ்கிறது, உள்ளே ஏறப் படிக்கட்டு இல்லை. முதல் தடவை அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு வழக்கம்போல் முழங்காலை உயர்த்தினார். உயர்த்த வேண்டிய உயரம் அங்கே இல்லை. உள்ளே போய் உட்கார்ந்த பிறகும் கதவையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது என் இலட்சியத்தைச் சொல்லிவிடுகிறேன். மாதம் ஒரு ஞாயிறு, நான் பார்க்காத ஏதாவது ஒரு ரூட்டில் ஏறிக் கடைசி ஸ்டாப்பிங் வரை போவது. போய் ஒரு டீ குடித்து, அரைமணி நேரம் நடந்து, திரும்பி வருவது. ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, ரூட் நம்பர், பார்த்தது என்று எழுதி வைக்கிறேன். இதுவரை 28 ஆகியிருக்கிறது. மழை மாதங்களும் ஒரு காய்ச்சலும் போக மீதி.

ஆரம்பித்தது பெரம்பூரில். பதினோரு வருடமாக 29சியைப் பார்க்கிறேன், பஸ்ஸின் நெற்றியில் 'பெரம்பூர்' என்று தினமும் படிக்கிறேன், அந்தக் கோடிக்கு ஒருநாளும் போனதில்லை. அந்த ஞாயிறு ஜெமினி வந்தும் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு ஸ்டாப்பிங்கும் எனக்குப் புதுசு. புரசைவாக்கம் கடைத்தெரு, ஓட்டேரி, அப்புறம் பெரம்பூர். பஸ் நின்றதும் கண்டக்டர் டைம் கீப்பர் அறைக்குப் போனார். டிரைவர் பாட்டில் தண்ணீரில் முகம் கழுவித் துண்டால் துடைத்துக்கொண்டு டீக்கடைக்கு வந்தார். நானும் அங்கேதான் நின்றேன். "இங்கதான் வீடா?" என்று கேட்டார். "இல்லண்ணே, சும்மா பார்க்க வந்தேன்" என்றேன். "லூர்து மாதா கோயில் இருக்கு, பார்த்துட்டுப் போங்க" என்றார். போனேன். நிழலான வளாகத்தில் பெஞ்சில் உட்கார்ந்து மெழுகுவத்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பும்போது அதே டிரைவர், அதே பஸ். "பார்த்தீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

அதற்கப்புறம் 102-ல் கேளம்பாக்கம் போனேன். அங்கிருந்து கோவளம் சாலையில் நடந்தால் உப்பளங்கள். மேகம் இல்லாத நாளில் பாத்திகளில் வானம் அப்படியே கிடக்கும். பூந்தமல்லிக்கு 54. எல்லாக் கடைசி ஸ்டாப்பிங்கும் இப்படி நினைவில் நிற்பதில்லை. சிலவற்றில் டீ மட்டும்தான், நோட்டில் ஒரே வரி.

பாஸ் எட்டாத இடங்களும் உண்டு. மெட்ரோவுக்கும் மின்ரயிலுக்கும் இது செல்லாது. மண்டைவெளியிலேயே பறக்கும் ரயில் நிலையம் இருப்பதால் வேளச்சேரிக்கு நான் அதில்தான் போவேன், அதற்குத் தனி டிக்கெட். 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலியில் பஸ், மெட்ரோ, மின்ரயில் மூன்றுக்கும் ஒரே கியூஆர் டிக்கெட் எடுக்க முடிகிறது, வெளியூரிலிருந்து வரும் தம்பிக்கு அதைத்தான் ஏற்றிக் கொடுத்தேன். ஆனால் மூன்றுக்கும் சேர்த்து ஒரு மாதப் பாஸ் வந்தால் நான் முதல் ஆளாக வரிசையில் நிற்பேன். விடிகாலை எழும்பூர் ரயிலுக்குப் பெட்டியோடு போக ஆட்டோதான். அதைத் தோல்வியாக எழுதிக்கொள்வதில்லை.

மனசுக்குக் கஷ்டமானது ஒன்று உண்டு, அது பஸ்ஸில் இல்லை, பஸ்ஸுக்குப் போகும் வழியில். எங்கள் தெருமுனையிலிருந்து ஸ்டாப்பிங் முந்நூறு அடி இருக்கும். அந்த முந்நூறு அடியில் நடைபாதை மேல் பைக்குகள், ஒரு டிரான்ஸ்பார்மர், ஜல்லிக் குவியல். அப்பா ரோட்டில் இறங்கித்தான் நடக்கிறார், நான் வண்டிகள் வரும் பக்கமாக அவரோடு நடக்கிறேன். படிக்கட்டே இல்லாத பஸ் வந்துவிட்டது. அது நிற்கிற இடம் வரைக்கும் ஒரு வயசானவர் ரோட்டில் இறங்காமல் போக முடிய வேண்டும். இதைச் சொல்லாமல் இந்த மதிப்புரையை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது 29-வது. 1-ஆம் நம்பர் பஸ் என்று முடிவு செய்திருக்கிறேன். திருவான்மியூரில் தொடங்கித் திருவொற்றியூரில் முடிகிற ரூட், இரண்டு கோடியும் பாடல் பெற்ற தலம். திருவொற்றியூரில் கடலோரம் பட்டினத்தார் சமாதியும் இருக்கிறது. நேற்று ராத்திரி சாப்பிடும்போது சொன்னேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கை கழுவிவிட்டு பீரோவைத் திறந்தார். ரப்பர் பேண்டைக் கழற்றுகிற சத்தம் கேட்டது.

"ஏம்பா, ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

இரண்டு டோக்கனைக் கிழித்து, காலண்டரில் அந்தத் தேதித் தாளுக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார்.