மூன்றரை வயதில் ஃபோனிக்ஸ் வகுப்பு: பத்து மாதம் அனுப்பிப் பார்த்த பிறகு

திருச்சியில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி நடக்கிற ஒரு ஃபோனிக்ஸ் வகுப்பைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஃபோனிக்ஸ் என்றால் ஆங்கில எழுத்துகளின் ஒலியைப் பழக்கி, அந்த ஒலிகளைக் கூட்டிச் சொல்லைப் படிக்க வைக்கும் முறை. பெயர் வேண்டாம். நான் சொல்லப்போகும் குறை அந்த ஒரு இடத்தில் மட்டும் இருப்பதில்லை, அதுவும் போக அந்த மிஸ் மேல் எனக்கு நிஜமாகவே மரியாதை இருக்கிறது. மாதம் 1,600 ரூபாய், வாரம் மூன்று நாள், மாலை 5 மணியிலிருந்து 5.45 வரை, ஒரு பேட்ச்சுக்குப் பத்துப் பிள்ளைகள். சேர்க்கும்போது என் மகளுக்கு மூன்றரை வயது, எல்கேஜி. வீட்டில் நாங்கள் பேசுவது முழுக்கத் தமிழ்தான்.

முதல் மூன்று மாதம் அவ்வளவு நன்றாக இருந்தது. பென்சில் கிடையாது, புத்தகம் கிடையாது. மிஸ் ஒரு துணிப்பை வைத்திருப்பார், உள்ளே கரண்டி, சாவி, சின்னத் தொப்பி, பிளாஸ்டிக் பன்றி என்று கண்டதெல்லாம் இருக்கும், ஒவ்வொரு பிள்ளையாகக் கையை விட்டு எடுத்து அது என்னவென்று சொல்ல வேண்டும், தெரியாவிட்டால் மற்றவர்கள் கத்திச் சொல்லிக்கொடுக்கலாம். அப்புறம் மேசைக்கு அடியில் போ, கதவைத் தொடு, தொப்பியைப் பக்கத்துப் பையனுக்குக் கொடு என்று ஆங்கிலத்தில் ஓடவிடுவார். இரண்டாவது மாதமே இவள் வீட்டில் என் மாமியாரிடம், "வெயிட் எ மினிட் அப்பாயி" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். யாரும் மனப்பாடம் பண்ண வைக்கவில்லை, தானாக வந்தது.

ஒரு நாள் முடிகிற நேரத்துக்குச் சற்று முன்னால் போயிருந்தேன். பிள்ளைகள் எல்லோரும் டிஷ்யூ தாளை வாய்க்கு முன்னால் தொங்கவிட்டுப் பிடித்திருந்தார்கள். பன்றிக்கான ஆங்கிலச் சொல்லையும் 'பெரிய' என்பதற்கான ஆங்கிலச் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டுமே 'பிக்'தான், நமக்கு இருப்பது ஒரே 'ப'. 'பல்' என்பதிலும் 'தம்பி' என்பதிலும் அந்த எழுத்து வேறு வேறு மாதிரி ஒலிக்கிறது, ஆனால் அதை நாம் கவனிப்பதே இல்லை, கவனிக்க வேண்டிய அவசியமும் தமிழில் இல்லை. ஆங்கிலத்தில் அந்த வித்தியாசத்தில்தான் பொருளே மாறுகிறது. பன்றியைச் சொன்னால் தாள் படபடவென்று ஆடும், மற்றதைச் சொன்னால் அப்படி ஆடாது. நானும் வீட்டுக்கு வந்து செய்து பார்த்தேன், முதல் நாலு தடவை என் தாள் அசையவே இல்லை. இந்த ஒரு பயிற்சிக்காகவே கொடுத்த பணம் தகும் என்பேன். இப்படிக் காதில் பிரித்துக் கேட்காத பிள்ளைக்கு எழுத்தை மட்டும் காட்டி என்ன பயன்?

நாலாவது மாதம் எழுத்து வந்தது. எஸ், ஏ, டி, ஐ, பி, என் என்ற வரிசை, பல ஃபோனிக்ஸ் வகுப்புகளில் இதுதான். இந்த ஆறை வைத்தே சின்னச் சின்னச் சொல் நிறையச் சேர்த்துவிடலாம், அதனால்தான் ஏபிசிடி வரிசையில் போவதில்லை. இதுவும் சரிதான். ஒரே சிக்கல், தமிழில் 'அ' என்ற எழுத்தின் பெயரே அதன் ஒலி, ஆனால் ஆங்கிலத்தில் 'எச்' என்ற பெயருக்குள் அந்த எழுத்தின் ஒலியே கிடையாது. பள்ளியில் பெயரும் வகுப்பில் ஒலியுமாகச் சொல்லிக்கொடுத்ததில் இரண்டு வாரம் குழம்பினாள். மிஸ் பொறுமையாகச் சரிசெய்தார்.

குறை ஐந்தாவது மாதத்தில் தொடங்கியது. வாரம் ஒரு தாள் கொடுத்துவிடுவார்கள், அதில் இருபது மூன்றெழுத்துச் சொற்கள். இவள் தடுமாறாமல் படிப்பாள். கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு சாயங்காலம் விரலை வைத்து மூன்று ஒலியையும் தனித்தனியாகச் சொல்லி, சேர்த்து, "பெக்" என்று அழகாகப் படித்துவிட்டு நிமிர்ந்து கேட்டாள், "பெக்னா என்னம்மா?" கொடியில் துணி காயப்போடும் கிளிப் என்று சொன்னேன். சரி என்று மற்ற சொற்களையும் கேட்டுப் பார்த்தால், இருபதில் பன்னிரண்டுக்கு அவளுக்கு அர்த்தம் தெரியாது. ரக், ஹட், கெக், எல்லாமே வெறும் சத்தம்.

அன்று இரவு உட்கார்ந்து இந்த ஃபோனிக்ஸ் முறையைப் பற்றித் தேடிப் படித்தேன். இங்கிலாந்தில் 2012லிருந்து முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, அதாவது ஐந்து ஆறு வயதில், ஒரு சின்னத் தேர்வு வைக்கிறார்கள். மொத்தம் 40 சொற்கள், அதில் 20 எந்த அகராதியிலும் இல்லாத பொய்ச்சொற்கள். பொய்ச்சொல் பக்கத்தில் ஒரு விநோத ஜந்துவின் படம் இருக்கும். பிள்ளை சொல்லை ஏற்கனவே பார்த்த ஞாபகத்தில் சொல்கிறதா, எழுத்தைக் கூட்டித்தான் படிக்கிறதா என்று கண்டுபிடிக்க அந்த ஏற்பாடு. அது அங்கே பொருந்தும், ஏனென்றால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஆயிரக்கணக்கான ஆங்கிலச் சொற்கள் காதில் ஏறியிருக்கும், எழுத்தைக் கூட்டியதுமே "ஓ, இதுவா" என்று பொருள் தானாக வந்து உட்காரும். என் மகளுக்கோ அந்த இருபதில் பன்னிரண்டும் பொய்ச்சொல்தான், பக்கத்தில் ஜந்து படம் மட்டும்தான் இல்லை. முதல் மூன்று மாதம் அந்தத் துணிப்பையை வைத்து மிஸ் செய்ததை இன்னும் ஆறு மாதம் இழுத்திருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. நாங்கள் ஒரு வாரம் மாடியில் துணி காயப்போடும்போது "கிவ் மீ எ பெக்" என்று கேட்டு வாங்கினோம், அவ்வளவுதான், ஒட்டிக்கொண்டது.

எழுத்து வேலை இன்னும் மோசம். அதே ஐந்தாவது மாதத்தில் நாலு கோடு நோட்டு வந்தது. ஸ்டாண்டிங் லைன் ஒரு பக்கம், ஸ்லீப்பிங் லைன் ஒரு பக்கம், அப்புறம் ஆறு எழுத்தும் பக்கம் பக்கமாக வீட்டுப்பாடம். நாலு வயதுகூட முடியவில்லை. பென்சிலை முஷ்டியாகப் பிடித்து அழுத்துவாள், கட்டைவிரல் நகம் வெளுத்துப்போகும், முனை உடையும், தாள் கிழியும். அந்த வயதில் மணிக்கட்டு எலும்புகளே இன்னும் முழுதாக உருவாகியிருக்காது, விரல்களுக்குத் தனித்தனியாக வலு வந்திருக்காது, பிள்ளையைச் சொல்லி என்ன குற்றம். மூன்றாவது வாரம் வகுப்புக்குக் கிளம்பும்போது வயிறு வலிக்கிறது என்றாள். முதல் மூன்று மாதம் செருப்பைத் தானே மாட்டிக்கொண்டு வாசலில் நின்ற பிள்ளை.

மிஸ்ஸிடம் நேராகவே கேட்டேன். அவரும் மறைக்கவில்லை. "எனக்கும் தெரியுதுங்க, ஆனா நோட்டுல ஒண்ணுமே இல்லையேன்னு பேரண்ட்ஸ் கேக்குறாங்க, ரெண்டு பேர் நிறுத்தியே போயிட்டாங்க" என்றார். இதில் நம் பங்கும் பெரிது என்று அப்போதுதான் உறைத்தது. பேசுகிற ஆங்கிலம் நோட்டில் தெரியாதே.

விஜயதசமி அன்று பிள்ளையின் விரலைப் பிடித்து நெல்லில் எழுத வைக்கிறோம், திண்ணைப் பள்ளியில் மணலில்தான் எழுதிப் பழகினார்கள். 1787ல் சென்னைக்கு வந்து, 1789லிருந்து எழும்பூரில் இருந்த ஓர் அநாதை இல்லப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் இங்கே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்துத்தான் அதைத் தன் பள்ளியிலும் கொண்டுவந்தார், பிறகு பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அவருடைய மெட்ராஸ் முறையோடு சேர்ந்து அதுவும் இங்கிலாந்துக்குப் போனது. நம் ஊர் மணலில் ஆங்கிலப் பிள்ளைகள் ஆங்கில எழுத்துப் பழகியிருக்கிறார்கள், நாம் நாலு வயதில் நாலு கோடு நோட்டைத் திணிக்கிறோம். நான் ஒரு தட்டில் ரவையைப் பரப்பிக் கொடுத்தேன். 'ஸ்ஸ்ஸ்' என்று சொல்லிக்கொண்டே பாம்பு மாதிரி இழுப்பாள், தட்டை ஆட்டி அழிப்பாள், மறுபடி இழுப்பாள். மொச்சை உரிப்பது, சப்பாத்தி மாவு உருட்டுவது, கோலப்புள்ளி வைப்பது, எல்லாம் அவள் வேலையாயிற்று. ஐந்து வயது நெருங்கும்போது பென்சிலைக் கொடுத்தால் பிடி தானாகவே சரியாக இருந்தது.

என் கணக்கு இதுதான். மூன்று வயதில் கேட்பதும் பேசுவதும், தாராளமாக. நாலில் ஒலி விளையாட்டு. பேச்சில் ஏற்கனவே பழகிவிட்ட சொல்லை மட்டும் எழுத்தில் காட்டலாம், அது பெரும்பாலும் ஐந்தை ஒட்டி வரும். பென்சில் அதற்கும் பிறகு. வயதுகூட முக்கியமில்லை, அந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்பதுதான். அரசுப் பள்ளிகளில் 2022ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். மாதம் 1,600 வாங்கும் வகுப்பில் யார் எந்த மாதம் சேர்ந்தார்கள் என்று பார்த்து பேட்ச் போடுகிறார்கள், இது எனக்கு ஏற்கவே முடியவில்லை.

மதிப்பெண் கேட்டால் முதல் மூன்று மாதத்துக்கு ஐந்துக்கு ஐந்து, பிறகு வந்ததற்கு இரண்டு. நீங்கள் எங்கே சேர்ப்பதாக இருந்தாலும் ஃபீஸ் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: நோட்டு எந்த மாதம் வரும், படிக்கக் கொடுக்கும் சொல்லை அதற்கு முன்னால் எப்படிப் பேசப் பழக்குவீர்கள். இரண்டாவதற்குத் தெளிவாகப் பதில் வராவிட்டால் யோசியுங்கள். டெமோ வகுப்பில் வேகமாகப் படித்துக்காட்டும் பிள்ளையைப் பார்த்து முடிவு பண்ணாதீர்கள், அந்தப் பிள்ளையிடமே ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டுப் பாருங்கள்.

பத்தாவது மாதத்தோடு நிறுத்திவிட்டோம். ஆனால் தம்பிக்கு இப்போது மூன்று வயது, ஜூனில் அவனை இதே மிஸ்ஸிடம்தான் சேர்க்கப்போகிறேன், நோட்டு இல்லாமல். போன வாரம் போய்ப் பேசிவிட்டேன். இன்னும் மூன்று அம்மாக்கள் அதே மாதிரி கேட்டால் தனி பேட்ச்சே போட்டுவிடலாம் என்றார். இரண்டு பேர் சரி சொல்லியிருக்கிறார்கள்.