240 டாலர் கட்டி என் அடையாளத்தை வேறொருவர் கையில் கொடுத்தேன்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இன்று காலை வந்த பதிலைப் படித்த பிறகு வேறு எந்த வேலையும் ஓடவில்லை. மூன்று ஆண்டுச் சந்தாவாக முன்கூட்டியே கட்டிய 240 டாலர் போயிற்று. பணத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். என் கடவுச்சீட்டின் படமும், முகத்தை இடமும் வலமும் திருப்பிக் காட்டிய காணொளியும் இப்போது யார் யார் கண்ணில் படுகின்றனவோ!

"உங்கள் அடையாளம் உங்கள் கையில்" என்று விளம்பரம் செய்யும் டிஜிட்டல் அடையாள வாலட் செயலிகளில் ஒன்று அது. தகராறு முடியாததால் பெயரைச் சொல்லவில்லை.

யோசனையில் குற்றமில்லை, அதை இப்போதும் நம்புகிறேன். பயிற்சி நிறுவனம் சான்றிதழில் மின்கையொப்பமிட்டு நம்மிடம் தந்துவிடும். கேட்பவருக்குத் தேவையானதை மட்டும் நாம் காட்டலாம். முறையாகச் செய்தால், பிறந்த தேதியைச் சொல்லாமலேயே 18 வயது நிரம்பியதை நிரூபிக்க முடியும். பார்க்கும் தளமெல்லாம் கடவுச்சீட்டின் நகலைக் கேட்டு அலுத்துப்போன எனக்கு இது பெரிய ஆறுதலாகத் தெரிந்தது. தன்னாட்சி அடையாளத்துக்கு, அதாவது ஒருவரின் அடையாளம் நிறுவனங்களிடம் இல்லாமல் அவர் கட்டுப்பாட்டிலேயே இருக்கும் முறைக்கு, இணையப் பாதுகாப்பு வல்லுநர் கிறிஸ்டோபர் ஆலன் 2016-இல் வகுத்த பத்துக் கோட்பாடுகளை முகப்பிலேயே அடுக்கி வைத்திருந்தார்கள். கட்டுப்பாடு, அணுகல், ஒப்புதல், எடுத்துச்செல்லும் வசதி எல்லாம் அதில் இருந்தன. படித்தவர்கள் நடத்துகிறார்கள் என்று நம்பினேன்.

நான் ஏமாந்த இடம் எனக்குத் துல்லியமாகத் தெரியும். இத்தகைய வாலட்டுகள் பலவற்றில் தொடக்கத்தில் 12 அல்லது 24 சொற்கள் திரையில் வரும்; சாவியை, அதாவது அடையாளம் நம்முடையது என்று நிரூபிக்கும் ரகசிய எண்ணை, மீட்க அவைதான் வழி, எழுதி வைக்க வேண்டும் என்று படித்திருந்தேன். அதற்காக ஒரு தாளில் 1 முதல் 12 வரை எண் போட்டு, பேனாவுடன் காத்திருந்தேன். சொற்கள் வரவேயில்லை. பச்சை நிறப் பூட்டுப் படம் ஒன்று வந்தது. அதன் கீழே, "சாவியை நாங்கள் பாதுகாத்துக்கொள்கிறோம், நீங்கள் எதையும் எழுதி வைக்க வேண்டாம்" என்று ஒரு வரி. அப்பாடா, ஒரு சுமை குறைந்தது என்று பேனாவை மூடி வைத்தேன். அந்த நொடியிலேயே விலகியிருக்க வேண்டும். அடுத்த திரையில் 240 டாலர் கட்டினேன்.

சில மாதங்கள் கழித்து, வேலை தர முன்வந்த ஒருவர் என் பயிற்சிச் சான்றைக் கேட்டார். செயலியைத் திறந்தால், "கணக்கு இடைநிறுத்தப்பட்டுள்ளது". காரணம் ஒரு வரிகூட இல்லை. சான்றுகளை வெளியே எடுக்கும் பொத்தான் மங்கிக் கிடந்தது. அந்த வேலையும் கைநழுவியது.

முதல் புகாருக்குத் தானியங்கி நன்றிக் கடிதம். இரண்டாவதுக்கும் அதே கடிதம், எழுத்து மாறாமல். மூன்றாவதுக்கு, "பரிசீலனையில் உள்ளது". அவர்களுடைய நிறுவனம் ஐரோப்பாவில் பதிவானது. 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றியத் தரவுப் பாதுகாப்பு விதிமுறையின்படி என் தரவின் நகலைக் கேட்டு எழுதினேன். ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். தாமதமானால் அதற்குள்ளேயே காரணத்துடன் அதைத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமும் 11 நாளும் கழித்து இன்று வந்த பதில் இது: "உங்கள் அடையாளம் முழுமையாக உங்கள் கட்டுப்பாட்டில் இருப்பதால், எங்களால் தலையிட இயலாது."

என் கட்டுப்பாட்டில் இருப்பதை நீங்கள் எப்படி ஐயா பூட்டினீர்கள்?

உண்மையை இப்போதுதான் தோண்டிப் பார்த்தேன். வாலட்டில் நம்மைக் குறிக்கும் முகவரி போன்றது பரவலாக்கப்பட்ட அடையாளக் குறியீடு; அதற்கான தரத்தை, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2022 ஜூலையில் ஏற்றது. அந்தத் தரத்தின்படி குறியீட்டை உருவாக்க வழிகள் பல உண்டு. எனக்குக் கொடுத்தது இணைய முகவரியைச் சார்ந்த வகை. குறியீட்டின் நடுவிலேயே அவர்களுடைய தளத்தின் பெயர் இருக்கிறது. அந்தத் தளத்தில் என் குறியீட்டின் விவரம் உள்ள கோப்பை அவர்கள் நீக்கினால் என் குறியீடு செத்தது. முன்பு சொன்ன ரகசியச் சாவியும் அவர்கள் சர்வரில். என் சான்றுகள் அந்தக் குறியீட்டோடு பிணைக்கப்பட்டவை என்பதால், வேறு வாலட்டுக்குக் கொண்டுபோனாலும் அவை என்னுடையவை என்று நிரூபிக்க வழியில்லை. இதற்குத்தான் 240 டாலர்.

இன்னொன்று. இந்தச் செயலிக்காக மட்டுமே ஒரு மின்னஞ்சல் முகவரி தொடங்கியிருந்தேன், வேறெங்கும் கொடுத்ததில்லை. அதற்குக் கடன் விளம்பரங்கள் வரத் தொடங்கிவிட்டன.

விரிவாக ஆலோசனை எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. அவசரமாகச் சில மட்டும். சாவி யாரிடம் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். குறியீட்டில் நிறுவனத்தின் பெயர் இருந்தால் தொடாதீர்கள். முதலில் ஒரே ஒரு சான்றை ஏற்றி, வேறு வாலட்டுக்கு மாற்றி, அங்கே சரிபார்க்கப்படுகிறதா என்று பாருங்கள். பிறகு மற்றவற்றை ஏற்றலாம். பல ஆண்டுச் சந்தாவை முன்கூட்டிக் கட்டாதீர்கள். திரைகளைப் படமெடுத்து வையுங்கள். அந்தப் பச்சைப் பூட்டுத் திரையை நான் எடுக்கவில்லை, அப்படி எதுவும் தாங்கள் சொன்னதேயில்லை என்று இப்போது மறுக்கிறார்கள்.

240 டாலரைத் திரும்பக் கேட்டு வங்கியில் புகார் கொடுத்துவிட்டேன். தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கான மனுவை இன்றிரவு அனுப்புகிறேன். இதே பூட்டுத் திரையைப் பார்த்தவர் யாராவது இருந்தால், அதன் படம் உங்களிடம் இருந்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.