பெர்ஜுந்தை பட்டறையில் அப்பாவின் வீரா

மலேசியாவில், சிலாங்கூரில் உள்ள இந்த ஊருக்கு பெஸ்தாரி ஜெயா என்று 2007-இல் பெயர் மாற்றினாலும் எங்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். பஜாரைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்குத் திரும்பும் முனையில் தகரக் கூரை போட்ட பட்டறை ஒன்று இருக்கிறது. பெயர்ப் பலகைகூட கிடையாது. அங்கே அப்பாவின் புரோட்டோன் வீரா காரை ரிப்பேருக்கு விட்டு எடுத்தேன்.

மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) வேலை பார்த்த அப்பா 1996-இல் வாங்கிய முதல் காடி (கார்) அது. புகை தள்ளியதால் வேறு ஊரில் 3,400 ரிங்கிட் கொடுத்து எஞ்சினைப் பிரித்து ஓவர்ஹால் செய்தோம். நான்காம் நாளே ஈஜோக் சிக்னலில் நிற்கும்போது, ஆயில் அழுத்தம் குறைந்தால் எரியும் ஆயில் லைட் மினுங்கியது. எண்ணெய் (ஆக்சிலரேட்டர்) மிதித்தால் அணைந்தது. செய்தவர்களிடம் கேட்டால், "புது எஞ்சின் அப்படித்தான், 20டபிள்யூ-50 கெட்டி ஆயில் ஊத்துங்க" என்றார்கள். ஊற்றினோம். ஒரு வாரத்தில் லைட் திரும்ப வந்தது. அப்பா அன்றிரவு சாப்பிடவே இல்லை.

பெர்ஜுந்தை போமன் (மெக்கானிக்) அண்ணன் முதலில் கேட்டது, "காலையில எடுக்கும்போதே எரியுதா, சூடானப்புறமா தங்கச்சி?" சூடான பிறகுதான் என்றேன். எதையும் பிரிக்காமல், அந்த லைட்டை எரிய வைக்கும் ஆயில் சுவிட்சை மட்டும் கழற்றி அந்த இடத்தில் ஆயில் அழுத்தம் காட்டும் முள் மீட்டரைப் பொருத்தினார். சுவிட்ச் கெட்டிருந்தாலும் லைட் எரியும், அதை மட்டும் நம்பி எஞ்சினைத் திறக்கக் கூடாது என்றார். ஸ்டார்ட் செய்ததும் அழுத்தம் 55 பிஎஸ்ஐ. நன்றாகச் சூடேறி, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு தடவை ஓடி நின்றதும் ஐட்லிங்கில் (எண்ணெய் மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது) 5. சூட்டிலும் 11-க்குக் கீழே போகக் கூடாதாம்.

ஏன் என்று எனக்குப் புரியும்வரை சொன்னார். ஆயில் ஆறியிருக்கும்போது கெட்டி, எஞ்சினின் சுழலும் தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே இடைவெளி கூடுதலாக இருந்தாலும் சமாளித்துவிடும். சூடேறி இளகினால் அந்த இடைவெளி வழியாகவே வழிந்துவிடும். பம்ப் தள்ளுவது போதாது. கெட்டி ஆயில் ஊற்றினால் நோய் மறையும், தீராது.

அப்புறம் எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் பேனை இறக்கினார். பம்புக்குப் போகும் ஆயிலை வடிகட்டும் ஸ்ட்ரெய்னர் வலையில் சிலிக்கோன் துணுக்குகள்! கேஸ்கெட்டுக்கு அள்ளி அப்பியிருக்கிறார்கள். சுத்தம் செய்து, அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் ரிலீஃப் வால்வு ஒட்டாமல் நகர்கிறதா என்று பார்த்து மறுபடி ஓட்டினார். 6 பிஎஸ்ஐ. அதனால் பிஸ்டனைத் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட் மூடிகளைக் கழற்றி, முடி போன்ற ஒரு மெழுகு நூலை வைத்து மூடியைத் திரும்ப முறுக்கி, நூல் நசுங்கிய அகலத்தை அதற்கான தாளில் உள்ள கோடுகளோடு ஒப்பிட்டார். இடைவெளி 0.02 முதல் 0.05 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 0.12. தேய்ந்த கிராங்கை (அந்தச் சுழலும் தண்டை) அரைக்காமல் பளபளப்பாக்கி, தேயாத தண்டுக்கான ஸ்டாண்டர்ட் அளவு பேரிங்கையே போட்டிருக்கிறார்கள். அந்த நூலை என் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொன்னார். எஞ்சின் விஷயம் பேசும்போது பெண்ணை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்துப் பேசும் பட்டறைகள் எனக்குப் பழக்கம். இவர் அப்படி இல்லை.

எஞ்சினை இறக்கி, கிராங்கை ரவாங்கில் 0.25 மில்லிமீட்டர் அரைத்து, அதற்கேற்ற பேரிங் போட்டார். மூட்டிய பிறகு உடனே ஸ்டார்ட் செய்யவில்லை. பிளக்குகளைக் கழற்றிவிட்டு, மீட்டர் முள் ஏறும்வரை ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றினார். வறண்ட பேரிங் முதல் நிமிடத்திலேயே போய்விடுமாம். இப்போது சூட்டில் ஐட்லிங் 19, மூவாயிரம் சுற்றில் 50.

குறையும் சொல்ல வேண்டும். 11 நாள் ஆனது, காடி தூக்க ஒரே ஒரு மேடைதான். போன் எடுக்க மாட்டார், நேரில்தான் போக வேண்டும். ரொக்கம் மட்டும், எல்லாம் சேர்த்து 1,450 ரிங்கிட். ஆனால் கழற்றிய பழைய பேரிங்குகளைப் பையில் போட்டுக் கொடுத்தார்.

ஆயிரம் கிலோமீட்டரில் வரச் சொல்லியிருந்தார், போனோம். பழைய ஆயில் ஃபில்டரை வெட்டி, உள்ளே இருந்த காகிதத்தை வெயிலில் விரித்துக் காட்டினார். உலோகத் தூளின் ஒரு மினுமினுப்பும் இல்லை. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு மடிப்பாகப் பார்த்தார்.